செல்மோ சரிசெய்த குரல்

என் கணவன் செல்மோவிடம் ஒரு பொருளைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், கொடுத்த பொருள் திரும்பி வராது. அதைவிட ஒழுங்கான வேறொரு பொருள்தான் வரும். கைப்பிடி ஆடுகிறது என்று ஒருமுறை மீன் பொரிக்கும் சட்டியைக் கொடுத்துத் தொலைத்தேன். கைப்பிடி ஆடாமல் வந்தது. கூடவே, அடிப்பாகம் சமமாக இல்லை என்று தட்டி, உள்ளே கறுப்புப் படிந்திருக்கிறது என்று தேய்த்து, பல வருடமாக ஒரு மீன்கூட ஒட்டாமல் பொரித்துக் கொடுத்த சட்டியைப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தான். அதன்பிறகு அதில் நான் போட்ட மீன் ஒன்றுகூட முழுசாக வெளியே வந்ததில்லை. "இப்பதான் சட்டி சரியா இருக்கு" என்றான். கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்படித்தான் வரும். நல்லவன்தான். குடிக்க மாட்டான், சேவல் சண்டைக்குப் போக மாட்டான். "உனக்கென்ன குறை மிண்டா?" என்று என் தங்கைகள் கேட்பார்கள். ஒரு வாரம் அவனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும் என்ன குறையென்று.

எங்கள் ஊரான ஓலோங்கபோவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்தவரை, செல்மோ அங்கே கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை பார்த்தான். அளக்கிற கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது அவன் வேலை. ஒரு மனிதனைப் பத்துப் பதினைந்து வருடம் அப்படி ஒரு வேலையில் உட்காரவைத்தால் அவன் என்ன ஆவான் என்று யாரும் யோசிக்கவில்லை. பிறகு தளத்தை மூடிவிட்டார்கள். பாதி ஊருக்கு வேலை போயிற்று. போகிறவர்கள் விட்டுப்போன சாமான்களை ஊரே அள்ளியது. மற்றவர்களின் கணவன்மார் ஃப்ரிட்ஜையும் மெத்தையையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் கணவன் ஒரு தள்ளுவண்டி நிறைய ரெக்கார்டு பிளேயர் கொண்டுவந்து இறக்கினான். ஒன்றுகூட ஓடவில்லை. அதனால்தான் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை அவனுக்குப் பட்டறை ஆகிவிட்டது. நாங்கள் மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டோம். வீட்டு முன்பக்கம் நான் சாப்பாட்டுக் கடை போட்டேன், அதில்தான் குடும்பம் ஓடியது. உள்ளே அவன் மணிலாவிலிருந்து வரும் பணக்காரப் பிள்ளைகளின் பழைய பிளேயர்களைப் பிரித்துப் பரப்பி உட்கார்ந்திருப்பான். அதிலும் பெல்ட் வைத்த பிளேயர்தான் அவனுக்கு உயிர். மோட்டார் ஒரு மூலையில் தனியாக இருக்கும், தட்டு நடுவில் சுற்றும், இரண்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பெல்ட். மோட்டாரின் நடுக்கம் தட்டுக்கு ஏறாதாம். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் அந்த பெல்ட் தாங்காது. வருடம் ஏற ஏற இளகி, ஒரு நாள் தாராக உருகி, மோட்டார் முனையில் உள்ள பித்தளைப் புல்லியிலும் தட்டின் அடியிலும் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுத்த கையோடு இவன் என் அகப்பையைத் தொடுவான், தண்ணீர்க் குவளையைத் தொடுவான், வெள்ளைத் துணியைத் தொடுவான். அந்தக் கறுப்பு எதற்கும் போகாது.

மனாங் ரொசெண்டா அவருடைய பிளேயரைக் கொண்டுவந்தது அக்டோபரில், ஒரு பெரிய மழை ஓய்ந்த மறுநாள். எங்களைவிட மூத்தவர், தெருவே அவரை மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். சந்தைக்குப் பின்னால் தனியாக இருக்கிறார். பிளேயரைப் பாயில் சுற்றி, ஒரு மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, குழந்தையைப் பிடித்திருப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தார்.

"செல்மோ, சுத்த மாட்டேங்குது. உள்ள ஏதோ உருகிப்போச்சு போல. சுத்துற மாதிரி பண்ணிக் குடு, போதும்."

"எப்ப வேணும் மனாங்?"

"இது என்ன கேள்வி? உண்டாஸுக்குத்தான்."

மனாங்கின் கதை ஊருக்கே தெரியும். அவர் கணவர் கிராசியானோ கப்பலில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி இரண்டு பேரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. கடைசியாக லீவில் வந்தபோது யோகோகாமாவில் இந்த பிளேயரை வாங்கிவந்து கொடுத்தார். திரும்பப் போன பிறகு, ஏதோ ஒரு துறைமுகத்தில் காசு போட்டுப் பேசினால் பேச்சைச் சின்ன ரெக்கார்டாக வெட்டிக் கொடுக்கும் கூண்டுக்குள் நின்று பேசி, அந்த ரெக்கார்டைத் தபாலில் அனுப்பினார். ரெக்கார்டு வந்தது. அவர் வரவில்லை. கப்பல் புயலில் போயிற்று, ஒரு கட்டைகூடக் கரை ஒதுங்கவில்லை.

நவம்பர் முதல் தேதி உண்டாஸ் அன்று எங்கள் ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். சமாதியைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, அங்கேயே சாப்பிட்டு, சீட்டாடி, செத்தவர்களோடு ஒரு நாள் இருந்துவிட்டு வருவோம். மனாங்குக்குப் போக ஒரு சமாதி கிடையாது. அவர் அன்று சாயங்காலம் வீட்டில் அந்த பிளேயருக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றி, ரெக்கார்டைப் போட்டுக் கேட்பார். வருடத்துக்கு ஒரு தடவைதான். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் கணவரைப் பார்க்கப் போகும் வழி அது ஒன்றுதான்.

"ரெக்கார்டைக் கொண்டாரலையா மனாங்? போட்டுப் பாக்கணுமே" என்றான் செல்மோ.

"அது வீட்டை விட்டு வராது. அட்டை மேல பூசின சமாசாரம் அது. முள்ளு படப் பட தேயுது. வேற எதையாவது போட்டுப் பாத்துக்க."

நான் கரண்டியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சுற்றினால் போதும் என்று அவர் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். இவனுக்கும் இரண்டு காது உண்டு.

பெல்ட்டை வைத்து அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. பழைய பெல்ட் முழுக்கக் கூழாகியிருந்தது, அளவு எடுக்க ஒரு துண்டுகூடத் தேறவில்லை. மணிலாவிலிருந்து வரவழைத்த பெல்ட் பெரிதாக இருந்தது; போட்டதும் தொளதொளவென்று கழன்று விழுந்தது. வண்டி டியூபைக் கீறி ஒன்று செய்தான். அது தடிமன், தட்டு சுற்றும்போது தலையில் அடித்துக்கொள்வதுபோல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துள்ளல். என் உள்பாவாடையிலிருந்து எலாஸ்டிக்கை உருவினான், சொல்லாமல். அன்று சந்தையில் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதுவும் இரண்டு நாளில் இழுபட்டுப்போயிற்று.

"கடவுளே, ஒரு ரப்பர் வளையம்! வெறும் ஒரு ரப்பர் வளையம்! இதுக்கா ஒரு ஆளு மூணு வாரமா தூங்காம கெடக்கறது?" என்றேன்.

"வளையம் இல்ல மிண்டா. ஒரே தடிமன். எல்லா இடத்துலயும் ஒரே தடிமனா இருக்கணும்."

"நீகூட எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்தான்."

கடைசியில் கடற்கரைக் கடையில் விற்கும் நீச்சல் தொப்பி கைகொடுத்தது. ஆறு தொப்பி வாங்கி, பிளேடால் வெட்டி வெட்டி வீணாக்கி, ஆறாவதில் ஒரு பெல்ட் தேறியது. நடுத்தண்டைக் கழற்றி, இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டான். தட்டு சத்தமே இல்லாமல் சுற்றியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்டாஸுக்கு இன்னும் நாள் இருந்தது. "கொண்டுபோய்க் குடுத்துடு" என்றேன்.

கொடுப்பானா? அவனிடம் ஒரு வட்ட அட்டை உண்டு, ஓரமெல்லாம் கறுப்புக் கோடு போட்டது. சுற்றுகிற தட்டின்மேல் அதை வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றுவிட்டதுபோல் தெரியும். தப்பாக இருந்தால் ஓடும். மனாங்கின் பிளேயரில் கோடுகள் தலைதெறிக்க ஓடின.

அவன் மறுபடி எல்லாவற்றையும் பிரித்தான். மறுநாள் காலையில், நான் கடைக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, புல்லியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"யோகோகாமா! யோகோகாமாடி இது!"

"என்ன இப்ப?"

"அந்தப் பக்கத்துக் கரண்டு வேற தாளம், நம்ம கரண்டு வேற தாளம். அங்க அஞ்சு சுத்து சுத்துற நேரத்துல இந்த மோட்டார் இங்க ஆறு சுத்து சுத்தும். நம்ம ஊருக்குச் சின்னப் புல்லி போடணும். கிராசியானோ பெரிய புல்லியோட அப்படியே வாங்கிட்டு வந்துட்டாரு. இத்தனை வருஷமா இது வேகமா ஓடிட்டு இருக்கு. யாரும் கவனிக்கல!"

புதையல் எடுத்தவன் முகம்போல இருந்தது அவன் முகம்.

"செல்மோ, மனாங் என்ன கேட்டாங்க? சுத்துனா போதும்னாங்க. சுத்துது. விட்டுடு."

"தப்பா சுத்துதே!"

"முப்பது வருஷமா தப்பாத்தானே சுத்துச்சு? அவங்க ஒரு நாள் குறை சொன்னாங்களா?"

"அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்ச நான் எப்படி விடறது? நான் குடுத்த மெஷின் தப்பான வேகத்துல ஓடுச்சுன்னா என் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"கண்ணாடி பாக்காத. முடிஞ்சுது."

அவன் கேட்கவில்லை. மோட்டாரைச் சுற்றவிட்டு, சுற்றுகிற புல்லியின் மேல் உப்புத்தாளை வைத்து இழைத்தான். கொஞ்சம் இழைப்பான், பெல்ட் மாட்டுவான், அட்டையைப் பார்ப்பான், மறுபடி இழைப்பான். பித்தளைத் தூள் என் உப்பு ஜாடிவரை பறந்தது. உண்டாஸுக்கு முந்தின நாள் கோடுகள் அசையாமல் நின்றன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நான் போய்ப் பார்த்தேன். நின்றுதான் இருந்தன. என்ன சொல்வது? "சரி, சாப்பிட வா" என்றேன்.

உண்டாஸ் அன்று ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் என் அப்பா அம்மா சமாதிப் பக்கத்தில் இருப்போம். அதனால் நானும் செல்மோவும் அந்த ரெக்கார்டைக் கேட்டதே இல்லை. அந்த வருடம், தான் செய்த வேலையைக் காதால் கேட்க வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். சீக்கிரமே கிளம்பி, பிளேயரைத் தூக்கிக்கொண்டு மனாங் வீட்டுக்குப் போனோம்.

வீடு பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. இலையில் மடித்த சுமான் என்ற அரிசிப் பலகாரம் அவித்து வைத்திருந்தார். மனாங் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவிச் சீவியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கிராசியானோவின் தம்பி தெரியோ, மலைப்பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அவர்தான் வருடா வருடம் தவறாமல் வருகிறவர் என்று மனாங் சொன்னார். செல்மோ பிளேயரை மேசையில் வைத்து, மட்டம் பார்த்து, கால்களுக்கு அடியில் அட்டை சொருகி, மறுபடி மட்டம் பார்த்தான். நான் அவன் விலாவில் இடித்து இந்தப் பக்கம் இழுத்தேன்.

மனாங் மெழுகுவத்தி ஏற்றினார். ரெக்கார்டைத் துணியிலிருந்து பிரித்து வைத்தார். முள்ளை இறக்கினார். கரகரவென்று சத்தம் வந்தது. அவர் உதடுகள் தயாராகக் குவிந்தன. அவருக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். கூடவே சொல்வார், நடுவில் பதிலும் சொல்வார் என்று பக்கத்து வீட்டுப் பெண் என் காதில் சொன்னாள்.

"ரொசெண்டா, நான்தான்" என்றது ரெக்கார்டு.

கனமான, மெதுவான குரல். மனாங்கின் உதடுகள் அதற்குள் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டிருந்தன. "நல்லா இருக்கியா?" என்று குரல் கேட்பதற்கு முன்பே அவர் "நல்லா இருக்கேன்" என்று பதில் சொல்லி முடித்துவிட்டார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு உதடு அசையவில்லை.

"கூரைத் தகடு மாத்தியாச்சா? மழைக்கு முன்னாடி மாத்திடு. இங்க குளிரு. நான் நல்லா இருக்கேன்." குரல் நின்றது. மூச்சை இழுத்து விடுவது கேட்டது. ரொம்ப நேரம் நின்றதுபோல் இருந்தது. "கிறிஸ்துமஸுக்கு வந்துருவேன்."

முடிந்துவிட்டது. முள் வெறும் பள்ளத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது.

"இது யாரு?" என்றார் மனாங்.

தெரியோதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மனாங், அண்ணன்தான். அண்ணனேதான். மலைக்கு இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா அந்தப் பக்கம் மாடு திரும்பிப் பாக்கும். இதே குரல்தான். எத்தனை வருஷமாச்சு கேட்டு!"

"அப்ப இத்தனை வருஷமா வந்து கேட்டியே, அது?"

தெரியோ தன் செருப்பைப் பார்த்தார். "அது... கொஞ்சம் கீச்சுக் குரலாத்தான் இருந்துச்சு மனாங். ரெக்கார்டு அப்படிப் போலன்னு நெனச்சோம். நீங்க அவ்வளவு ஆசையா கேக்கறப்ப எப்படிச் சொல்றது?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சுமான் இலையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் மனம் நோகும் என்று தெரிந்தால் முப்பது வருடம் வாயைத் திறக்காமல் இருப்பார்கள். அத்தனை பேரும் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை என் கணவன் ஓர் உப்புத்தாளை வைத்து ஒரே நாளில் இழைத்துத் தள்ளிவிட்டான்.

மனாங் மறுபடி முள்ளை எடுத்து முதலில் வைத்தார். வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் முள் படக் கூடாது என்று சொன்னவர். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எப்பவும் அவசரமாப் பேசுவாரு" என்றார், யாரிடமும் இல்லாமல். "வீட்டுக்கு ஓடி வரணும்னு அவ்வளவு அவசரம், அதான் மூச்சுவிடாம பேசறாருன்னு நெனச்சிருந்தேன். இந்த ஆளு களைச்சுப்போயிருக்காரே. வந்துருவேன்னு சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு யோசிக்கறாரு பாரு. வர மாட்டோம்னு தெரிஞ்சிருக்கு அவருக்கு."

"அப்படியெல்லாம் இல்ல மனாங்" என்றேன்.

"அப்ப நான் இத்தனை வருஷமா யாருகூடப் பேசிட்டிருந்தேன்?"

இந்த நேரத்தில் என் கணவன் வாயைத் திறந்தான். "மனாங், கோடு அசையாம நிக்குது. இதுதான் சரியான வேகம். நான் நல்லாப் பாத்துட்டேன்."

நான் அவனைக் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. மனாங் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் உன்னை என்ன கேட்டேன் செல்மோ?" என்றார். "எடுத்துட்டுப் போ. எப்படி இருந்துச்சோ அப்படி எனக்குத் திருப்பிக் குடு."

வீட்டுக்கு வந்து நான் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன். சட்டியில் ஆரம்பித்து, மேசை, உள்பாவாடை, எல்லாவற்றையும் இழுத்தேன். கடைசியில், "நான் தப்பா ஒண்ணும் பண்ணலையே மிண்டா" என்றான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவன் தப்பாக ஒன்றும் பண்ணவில்லை.

இழைத்த பித்தளையை ஒட்டவைக்க முடியாது. புல்லியில் டேப்பைச் சுற்றித் தடிமன் ஏற்றப் பார்த்தான். டேப்பின் விளிம்பு பெல்ட்டில் தட்டித் தட்டி டிக் டிக் என்று கேட்டது. மோட்டார் சூட்டில் பசை இளகி டேப் நகர்ந்தது. பிரித்தான், சுற்றினான், பிரித்தான். சரியான வேகத்துக்காகப் பாடுபட்ட மனிதன், இப்போது தப்பான வேகத்துக்காக அதைவிடப் பாடுபட்டான். மணிலாப் பிள்ளைகள் தங்கள் பிளேயர் என்ன ஆயிற்று என்று போன் மேல் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. ஒரு நாள் அவன் அந்தக் கோட்டு அட்டையைத் தூக்கிச் சுவரில் அடித்ததைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு பொருளை எறிந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் கடைசல் பட்டறைக்குப் போய் ஒரு மெல்லிய பித்தளை வளையம் கடைந்து வாங்கி, புல்லிமேல் இறுக்கமாகப் போட்டான். அஞ்சுக்கு ஆறு. பழைய வேகம், இம்மி பிசகாமல்.

மனாங் வீட்டில் இந்தத் தடவை நாங்கள் மூன்று பேர்தான். மெழுகுவத்தி இல்லை, சுமான் இல்லை. அவர் ரெக்கார்டை வைத்து முள்ளை இறக்கினார்.

"ரொசெண்டாநான்தான்நல்லாஇருக்கியா" என்றது. மெல்லிய, கீச்சென்ற, துள்ளுகிற குரல். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

மனாங் பாதியிலேயே முள்ளைத் தூக்கினார். "பழைய மாதிரிதானா இது?"

"அதே வேகம் மனாங். சத்தியமா" என்றான் செல்மோ.

"இது யாரோ பள்ளிக்கூடத்துப் பையன் பேசற மாதிரி இருக்கே."

"இப்படித்தான் இருந்துச்சு மனாங்."

"இருந்திருக்கும். அன்னிக்கு அதைக் கேட்டுத் தொலைச்சுட்டேனே. மெஷினைப் பழையபடி பண்ணிட்ட. காதை என்ன பண்ணுவ?"

செல்மோவின் கைகள் இரண்டும் தொடைமேல் சும்மா கிடந்தன. எனக்கு அவன்மேல் கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. கிராசியானோவையே பிடித்து உலுக்கியிருப்பேன். பிளேயர் வாங்கும்போது கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மனாங் கொஞ்ச நேரம் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முள்ளை மறுபடி முதலில் வைத்துவிட்டு, வலது கையின் ஒரு விரலைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். மெதுவாக அழுத்தினார். தட்டு தயங்கியது. கீச்சுக் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது. இன்னும் அழுத்தினார். குரல் கனத்து, அன்றைக்குக் கேட்ட களைத்த மனிதனின் குரலுக்குப் போயிற்று. விரலைத் துளி தளர்த்தினார். குரல் ஏறியது. சின்னப் பையனும் இல்லை, களைத்த ஆளும் இல்லை, நடுவில் யாரோ ஒருவர், "கூரைத் தகடு மாத்தியாச்சா?" என்று கேட்டார்.

"மாத்தியாச்சு" என்றார் மனாங்.

பெல்ட் புல்லியில் வழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஆறு நீச்சல் தொப்பியில் தேறிய ஒரே பெல்ட். ஓடுகிற தட்டை விரலால் பிடித்தால் பெல்ட் நைந்துவிடும், மோட்டார் சூடேறும், அட்டை ரெக்கார்டு இன்னும் சீக்கிரம் தேயும். இதெல்லாம் என்னைவிடச் செல்மோவுக்குத் தெரியும். அவன் அசையவில்லை.

விரல் சறுக்கியது. குரல் தவறிப்போயிற்று. மனாங் முள்ளைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பித்தார். எங்களை மறந்தே போனார். நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டோம்.

சந்தையைத் தாண்டி நடந்தோம்.

"பெல்ட்டு தாங்காது" என்றான்.

"தாங்காது."

"தொப்பி வாங்கணும். நாலஞ்சு வெட்டி வெச்சிடறேன்."

வழக்கமாக அவனைச் சீண்டுகிற குரலில் கேட்டேன். "எந்த வேகத்துல நிறுத்துனாங்க, பாத்தியா? நீதான் எல்லாத்தையும் அளப்பியே."

"அளக்கல" என்றான்.